இங்கே அழித்தால் அங்கேயும்

பாத்துங்க, பாத்துங்க, முழங்கை இடிக்குது. உங்களைக் குத்தம் சொல்லலீங்க. பெட்டிக்கு அடிபடக் கூடாது, அவ்வளவுதான். மேல வைக்கச் சொல்லி கண்டக்டர் ரெண்டு தடவை சொல்லிட்டாரு. அவருக்கென்ன, ஒரு பள்ளத்துல பஸ் இறங்கிச்சுன்னா முடிஞ்சுது கதை. உள்ளே இருக்கறது தட்டு சுத்தற சாமான். சேலம் வரைக்கும் என் மடியிலயே கிடக்கட்டும். நீங்க எது வரைக்கும்? தர்மபுரியா? நல்லதாப் போச்சு, பேச்சுத் துணைக்கு ஆச்சு.

இது என்னன்னு கேக்கறீங்களா? கேக்கலியா? பாத்துட்டே இருக்கீங்களே, அதான் சொல்றேன். குண்டெல்லாம் இல்லீங்க! துண்டு சுத்தியிருக்கறதால அப்படித் தெரியுது. நம்ம வீட்டுல போன் இருக்கு, கம்ப்யூட்டர் இருக்கு. அதுல போட்டோ, வீடியோ, பத்திரம், சர்டிபிகேட்டுனு ஆயிரம் இருக்கும். போன் தண்ணில விழுந்தா எல்லாம் போச்சில்ல? அப்படிப் போகாம, எல்லாத்தையும் வொய்ஃபை வழியா தானா இழுத்து வச்சுக்கும் இது. வீட்டுல ஒரு மூலையில ஓடிக்கிட்டே இருக்கும். உள்ளே ரெண்டு டிஸ்க்கு. எதை எழுதினாலும் ரெண்டுலயும் எழுதும். ஒண்ணு செத்தா இன்னொண்ணு இருக்கும்.

நான் பாலிடெக்னிக்ல எலக்ட்ரிகல் லேப் பாத்துக்கிட்டவன். முப்பத்தோரு வருஷம். என் லேப்ல ஒரு ஸ்க்ரூ டிரைவர் காணாமப் போனதில்ல. நான் எதையும் தொலைக்கிற ஆளு இல்லீங்க. பசங்களுக்கு அதைத்தான் சொல்லுவேன், எதுவா இருந்தாலும் மூணு காப்பி வை, அதுல ஒண்ணு வீட்டுக்கு வெளியில இருக்கணும். வீடே தீப்பிடிச்சாலும் வெளியில இருக்கறது மிஞ்சும். நானும் அப்படித்தான் வச்சேன். இதே மாதிரி இன்னொரு பெட்டி வாங்கி ஈரோட்டுல என் தம்பி வீட்டுல வச்சேன். தினமும் மத்தியானம் ரெண்டு மணிக்கு இங்க இருக்கறதெல்லாம் நெட்டு வழியா அங்க போயிடும்.

அப்புறம் எப்படித் தொலைஞ்சுதுன்னு கேக்கறீங்க. நல்ல கேள்வி. பெங்களூர்ல லேப்காரனும் இதையேதான் கேட்டான். சின்ன வயசு, காதுல கடுக்கன் போட்டிருந்தான், ஆனா வேலை தெரிஞ்சவன். "அங்கிள், இவ்வளவு பக்காவா வச்சிருக்கீங்க, எப்படிப் போச்சு?"ன்னான். அழிஞ்சு போச்சுப்பான்னேன்.

அழிஞ்சு போச்சு. அப்படித்தான் எல்லாருக்கும் சொல்றேன். என் மக போட்டோங்க. இருபத்தி ரெண்டாயிரத்துச் சொச்சம். பொறந்த அன்னிக்கு எடுத்ததுல இருந்து. ஃபிலிம் காலத்துப் படத்தை எல்லாம் நானே ஒவ்வொண்ணா ஸ்கேன் பண்ணி, தேதி போட்டு, பேர் வச்சு, வருஷவாரியா அடுக்கினேன். பழைய ஆல்பத்தைக் கரையான் அரிக்க ஆரம்பிச்சுது, அதைத் தூக்கி எறிஞ்சுட்டேன். பெட்டியில பத்திரமா இருக்குதேன்னு எறிஞ்சேன். சுபாஷிணின்னு ஒரு ஃபோல்டரு. அதான் காணோம்.

ஒரு போட்டோ வேணுமில்லீங்களா? ஹால்ல மாட்ட. மாலை போடணுமே.

ஆமாங்க. போன கார்த்திகையில. காய்ச்சல்தான். மூணே நாள். இருபத்தொன்பது வயசு. விடுங்க, நீங்க என்ன பண்ணுவீங்க, வருத்தப்படாதீங்க. நான் அழுது முடிச்சாச்சு. என் வீட்டுக்காரம்மா ராஜாமணிக்காகத்தான் இந்த அலைச்சலே. பெத்தவ மனசு, ஒரு படமாவது வேணும்னு இருக்குமில்ல? வாய் திறந்து கேக்க மாட்டா. நான் புரிஞ்சுக்கணும்.

இந்த அத்திப்பள்ளி டோல் எப்பவும் இப்படித்தான். நகர மாட்டேங்கறான் பாருங்க.

எங்க விட்டேன்? ஈரோட்டுல இருந்ததே, அது என்னாச்சுன்னு கேக்கறீங்களா? தெளிவான ஆளுங்க நீங்க. அங்கயும் போச்சு. செட்டிங்ல ஒரு கட்டம் இருக்கும். இங்கே அழித்தால் அங்கேயும் அழி. அந்தக் கட்டத்துல டிக் போட்டது நாந்தான். சும்மா குப்பை சேரக் கூடாது பாருங்க, ரெண்டும் அச்சா ஒரே மாதிரி இருக்கணும்னு போட்டேன். இங்க போனது மத்தியானம் ரெண்டு மணிக்கு அங்கயும் போச்சு. ஒரு நிமிஷம் கூட லேட்டாகல. மெஷின் தப்புப் பண்ணலீங்க.

இங்க எப்படிப் போச்சுன்னா... சரி, உங்ககிட்ட சொன்னா என்ன? நீங்க தர்மபுரியில இறங்கிப் போயிருவீங்க. நான் உங்களை எங்க பாக்கப் போறேன்?

நாந்தான் அழிச்சேன்.

ஆறு வருஷத்துக்கு முன்னால, ஒரு வெள்ளிக்கிழமை. அவ கூட வேலை செஞ்ச பையனோட ஓசூர்ல ரிஜிஸ்டர் கல்யாணம் பண்ணிக்கிட்டா. அவங்க வேற ஆளுங்க. அவ்வளவு சொன்னாப் போதும் உங்களுக்கு. அவ போன் பண்ணி, "அப்பா, பண்ணிக்கிட்டேன்பா, நாளைக்கு ரெண்டு பேரும் வர்றோம்பா"ன்னா. நான் போனை வச்சுட்டு நேரா போர்வெல் குழாய்க்குப் போயி, உச்சி வெயில்ல, கட்டின வேட்டியோட தலையில தண்ணிய ஊத்திக்கிட்டேன். தலை முழுகிட்டேன். செத்தாத்தான் முழுகுவாங்க, தெரியுமில்ல? எனக்கு மக இல்லைன்னு முழுகினேன். பக்கத்து வீட்டு மாடியில எல்லாரும் பாத்தாங்க. பாக்கட்டும்னுதான் வெளிக் குழாய்ல முழுகினேன்.

ராஜாமணிய வாடின்னேன். வரல. வாசப்படியில உக்காந்துட்டா. ஒரு சொம்புத் தண்ணிய எடுத்துட்டுப் போயி நானே அவ தலையில ஊத்தினேன். அவ துடைக்கக் கூட இல்ல. அப்படியே உக்காந்திருந்தா, முகமெல்லாம் ஒழுகுது. என்னைப் பாக்கல, கேட்டைப் பாத்துட்டு இருந்தா.

அதே ஈரத் தலையோட போயி கம்ப்யூட்டர் முன்னால உக்காந்தேன். கீபோர்டெல்லாம் தண்ணி. முழுகினா முழுசா முழுகணும், அரைகுறையா எதையும் செஞ்சு பழக்கமில்ல எனக்கு. ஃபோல்டரைப் பிடிச்சேன், டிலீட். நிச்சயமாவான்னு கேட்டுச்சு. ஆமான்னேன். குப்பைத் தொட்டிக்குப் போச்சு. அங்கயும் போயி காலி பண்ணேன். மறுபடி கேட்டுச்சு, நிச்சயமாவான்னு. ஒரு மெஷினு ரெண்டு தடவை கேட்டுச்சுங்க. வீட்டுல ஒரு மனுஷி, ஒரு தடவை கூட வேணாம்னு சொல்லல. ஏன் சொல்லல? சொல்லியிருக்கலாமில்ல? "யோவ், என்னய்யா பண்ற?"ன்னு ஒரு வார்த்தை! எல்லாத்துக்கும் நான்தானா?

தப்பா எடுத்துக்காதீங்க. குரல் தானா ஏறிருச்சு. முன் சீட்டு அந்தம்மா வேற திரும்பிப் பாக்கறாங்க.

மறுநாள் வந்தாங்களான்னா, வரல. யாரோ சொல்லிட்டாங்க போல, உங்கப்பன் முழுகிட்டான்னு. ஒரு வாரம் கழிச்சு கேட்டுல கேமரா வச்சேன். எங்க தெருவுல திருட்டுப் பயம். நல்லா கேட்டுக்குங்க, திருட்டுப் பயத்துக்குத்தான் வச்சேன். ராத்திரி பகலா கேட்டைப் படம் பிடிச்சு இந்தப் பெட்டியிலயே எழுதும். முப்பது நாள் வச்சிருக்கும், அப்புறம் பழசு மேலயே புதுசை எழுதிக்கும். போன்லயும் பாக்கலாம். நான் எங்க போனாலும் பாத்துக்கிட்டே இருப்பேன். பால்காரன் வருவான், நாய் வரும், கேஸ் சிலிண்டர் வரும். மத்தபடி சும்மா கேட்டுதான். பச்சைக் கலர் கேட்டு.

லேப்காரன் சொன்னான், "அங்கிள், அழிச்சா உடனே போயிடாது. பேரு மட்டும்தான் போகும், படம் அங்கயேதான் இருக்கும். அன்னிக்கே பெட்டிய ஆஃப் பண்ணி எடுத்துட்டு வந்திருந்தா அத்தனையும் எடுத்துத் தந்திருப்பேன். அதுக்கு அப்புறம் என்ன எழுதினீங்க இது மேல?"ன்னான். கேட்டுன்னேன். என்னதுன்னான். எங்க வீட்டு கேட்டுப்பா. அஞ்சு வருஷத்துக்கு மேல, விடாம, என் மக மூஞ்சி மேல எங்க வீட்டு கேட்டைத்தான் எழுதிக்கிட்டு இருந்தேன்.

சிரிக்கலாம்னா சிரிங்க. நீங்க சிரிக்க மாட்டீங்க, தெரியுது.

அவ ஒரு தடவை வந்தாளுங்க. இது யாருக்கும் தெரியாது. ராஜாமணிக்கே தெரியாது. அவ வீட்டை விட்டுப் போயி மூணு வருஷம் இருக்கும், மாசி மாசம், புதன்கிழமை, காலையில பதினொண்ணே கால். ராஜாமணி ஒரு விசேஷத்துக்குப் போயிருந்தா. நான் ஹால்ல உக்காந்து போன்ல கேட்டைப் பாத்துட்டு இருக்கேன், ஆட்டோவுல வந்து இறங்கறா. தனியா. மஞ்சள் சுடிதார். பெல்லுக்கு நேரா நிக்கறா, ஆனா அடிக்கல. அண்ணாந்து கேமராவைப் பாத்தா. நேரா என்னைப் பாக்கற மாதிரி இருந்துச்சு. எனக்கும் அவளுக்கும் இருபதடி கூட இல்லீங்க, நடுவுல ஒரு கதவு, ஒரு கேட்டு. நான் போன்ல பாத்துட்டு இருக்கேன். பெல்லை அடிச்சா திறந்திருப்பேன். சத்தியமா திறந்திருப்பேன். அடிக்கணுமில்ல? வந்தவதானே அடிக்கணும்? பதினொரு நிமிஷம். ஒரு கையை வயித்து மேல வச்சுக்கிட்டு நின்னா. அப்புறம் போயிட்டா.

வயித்துல ஏன் கை வச்சிருக்கான்னு அன்னிக்கு எனக்கு உறைக்கவே இல்ல. மறுநாள் அதைத் திரும்பப் போட்டுப் பாக்கறப்பதான் உறைச்சுது.

தினமும் பாத்தேன். காலையில காப்பி குடிச்சுட்டு அந்தப் பதினொரு நிமிஷத்தைப் போட்டுப் பாப்பேன். முப்பது நாள். முப்பத்தொண்ணாம் நாள் போட்டா, இல்ல. மேல எழுதிருச்சு. அழியாம வைக்கணும்னா பக்கத்துல ஒரு பூட்டுப் படம் இருக்கும், அதை ஒரு தட்டு தட்டினாப் போதும். கரண்ட் பில்லுக்குக் கூட மூணு காப்பி வச்சிருக்கவன் நான். அதைத் தட்டல. தலை முழுகினவளுக்குப் பூட்டு எதுக்குன்னு ஒரு வீம்பு. தினமும் விரல் கிட்டக்க போவும், எடுத்துருவேன்.

சாவுக்கா? போகலீங்க. ராஜாமணிதான் போனா. பஸ் ஏத்தி விட்டது கூட நாந்தான். நீங்க வரலியான்னு கேட்டா. ஏற்கெனவே ஒரு தடவை முழுகியாச்சே, ரெண்டாவது தடவை எப்படி முழுகறது? வெளியில குழாய் இருக்கு, போகல. பாத்ரூமுக்குள்ள போயி, கதவைச் சாத்தி, ஷவரைத் திறந்து விட்டுட்டு நின்னேன். சத்தம் வெளியில கேக்கக் கூடாதுன்னு.

இப்ப என்ன ஆகுதுன்னா, அவ மூஞ்சி எனக்கு ஞாபகம் வர மாட்டேங்குது. நிசமாத்தாங்க. குரல் வருது, நடை வருது, அப்பான்னு கூப்பிடறது காதுல விழுது. மூஞ்சி வரல. கண்ணை மூடினா கேட்டு வருது. பச்சைக் கலர் கேட்டு, யாரும் இல்லாம. பெட்டிய ஆஃப் பண்ணி எட்டு மாசமாச்சு, இன்னும் அது மூலையில சுத்தற சத்தம் எனக்குக் கேக்குது. உள்ளே யாரோ தேடற மாதிரி, கர்ர், கர்ர்னு. ராஜாமணிக்குக் கேக்கலியாம். பயமா இருக்குதுங்க. பெத்த மக மூஞ்சி எப்படிங்க மறக்கும்? இதை யார்கிட்டப் போயிச் சொல்ல?

ஆமா, ராஜாமணிக்காகன்னுதான் சொன்னேன். அவளுக்கும்தான்.

அவ போன்லயா? இருக்கும். நிறைய இருக்கும். அவளுக்கு மகளோட இத்தனை வருஷமும் பேச்சு இருந்திருக்கு, இப்பத்தான் தெரியுது. உன் போனையும் பெட்டியில சேத்து விடறேன்டின்னு எத்தனை தடவை சொன்னேன்! வேணாம்னுட்டா. போன் கீழ விழுந்தா எல்லாம் போயிரும், அறிவு கெட்டவளேன்னு திட்டுவேன். சிரிச்சுக்கிட்டு போவா. அதைக் கேட்டா காட்டுவா. காட்டாம இருக்க மாட்டா. ஆனா கேக்கணுமே. எப்படிங்க கேப்பேன்? அவ தலையில தண்ணிய ஊத்தினவன் நானு. ஒரு நாள் அவளே சொன்னா, "அழிச்சது உங்களுக்கு. எனக்கு ஒண்ணும் அழியல"ன்னு. கோவமா சொல்லல. பருப்பு களைஞ்சுக்கிட்டே சொன்னா.

அவளைக் கட்டினவன்கிட்டயா? என்ன பேசறீங்க நீங்க! அவன் வாசல்ல போயி நான் நிக்கறதா? ஒரு போட்டோவுக்காக? லேப் எதுக்கு இருக்கு? பெங்களூர் என்ன, ஜப்பானுக்குப் போயாவது நானே எடுத்துக்குவேன்.

எடுத்தான். ஒண்ணே ஒண்ணு எடுத்தான் லேப்காரன். அவன் கொடுத்ததெல்லாம் துண்டு துண்டா ஆயிரக்கணக்குல கேட்டு, நாய், பால்காரன். அதுக்கு நடுவுல இது. இருங்க, போன்ல ஏத்தி வச்சிருக்கேன். இந்தாங்க. வெளிச்சத்துக்குத் திருப்பிப் பிடிங்க. வகிடு தெரியுதா? முல்லைப்பூ. நெத்தி. சின்னதா ஒரு பொட்டு. புருவத்துல பாதி. அவ்வளவுதான். அதுக்குக் கீழ சாம்பக் கலர். மீதி மேல கேட்டை எழுதிட்டேன். எந்த வருஷத்துப் படம்னு எனக்கே தெரியல பாருங்க. இருபத்தி ரெண்டாயிரத்துக்கும் தேதி போட்டவன் நானு.

லேப்ல வச்சு இதை ரெண்டு மணி நேரம் பாத்துட்டு இருந்தேன். அந்தப் பையன் பாவம், டீ வாங்கிக் கொடுத்தான்.

என்னது, என்ன சொல்றாரு கண்டக்டரு? ஓசூரா? அதுக்குள்ள வந்துருச்சா? அஞ்சு நிமிஷம் நிப்பானா?

ஒண்ணுமில்லீங்க. ஏசி பஸ்ஸா இது, ஏன் இப்படிக் குளிருது?

சொல்லிடறேன். காலையில ராஜாமணி போன் பண்ணா. அவ இங்கதான் இருக்கா. மாசம் ஒரு தடவை வந்துருவா, பேத்தியப் பாக்க. மூணு வயசாகுது குழந்தைக்கு. நான் போகாதேன்னு சொன்னதில்ல, போன்னும் சொன்னதில்ல. "உங்க பஸ்ஸு ஓசூர் ஸ்டாண்டுக்குள்ள வந்துதான் போகும். குழந்தைய வச்சுக்கிட்டு நான் நிப்பேன். வேணும்னா இறங்குங்க. இல்லைனா போயிட்டே இருங்க"ன்னா. வேற ஒண்ணும் பேசல. வச்சுட்டா. குழந்தை அச்சு அசல் அவ அம்மாவேன்னு ஊர்ல எல்லாரும் சொல்றாங்களாம். தம்பி பொண்டாட்டி சொன்னா.

இறங்கறதா? பெட்டிய என்ன பண்றது?

நீங்க பிடிச்சுக்குவீங்க, சரிதான். தப்பா நினைக்காதீங்க, உங்க பேரு கூட எனக்குத் தெரியாது. இதுக்குள்ள என்ன இருக்குன்னா... ஒண்ணும் இல்லதான். லேப்காரன் சொல்லிட்டான், ஒண்ணும் இல்லைன்னு. இருந்தாலும் கோயம்புத்தூர்ல ஒருத்தன் இருக்கானாம், இவனை விடக் கெட்டிக்காரனாம்.

முடியலீங்க. இறங்கி அந்தக் குழந்தை முன்னால போயி நின்னு யாருன்னு சொல்றது? ராஜாமணி சொல்லுவா, தாத்தான்னு. அது என்னைப் பாக்கும். பாத்தா? அது என்னைப் பாத்தா நான் என்ன பண்ணுவேன்?

ஏங்க, ஒரு உதவி. நீங்க ஜன்னல் வழியா பாருங்களேன். நான் குனிஞ்சுக்கறேன். பச்சைச் சேலை கட்டியிருப்பா, கொஞ்சம் தடிச்ச உடம்பு, கண்ணாடி போட்டிருப்பா. இருக்காளா? அந்த ஜூஸ் கடைப் பக்கம் பாருங்க. இருக்காளா! குழந்தை? இடுப்புலயா, கீழ நிக்குதா? அவன் இருக்கானா கூட? இல்லியா. பஸ்ஸைப் பாக்கறாளா? அய்யய்யோ, கையை ஆட்டாதீங்க, கையைக் கீழ இறக்குங்க!

அந்தக் குழந்தை மூஞ்சிய மட்டும் சொல்லுங்க எனக்கு. நல்லாப் பாத்துச் சொல்லுங்க.

இல்லீங்க, நெத்தி வேணாம். நெத்தி எங்கிட்ட இருக்கு. அதுக்குக் கீழ சொல்லுங்க.

பஸ்ஸை எடுத்துட்டானா? பரவால்ல, நீங்க தலையைத் திருப்பாதீங்க. தெரியற வரைக்கும் சொல்லுங்க.